அஓரீத்தா என்றால் எத்தனை மணி?

சென்னையில் நான் ஸ்பானிய மொழி கற்ற வகுப்பில் ஸ்பெயின் நாட்டுப் பாடநூலைத்தான் வைத்திருந்தார்கள். அதன்படி ‘அஓரா’ என்றால் இப்போது. ‘ஈத்தா’ என்பது சிறுமையைக் காட்டும் விகுதி. ‘காசா’ வீடு, ‘கசீத்தா’ சின்ன வீடு. நம் ஊர்ப் பொருளில் அல்ல. அப்படியானால் ‘அஓரீத்தா’ என்பது சின்னஞ்சிறிய இப்போது, அதாவது இந்த நொடியே என்று நானாகக் கணக்குப் போட்டுக்கொண்டேன். அந்தக் கணக்கோடுதான் மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் போய்ச் சேர்ந்தேன்.

முதல் நாள், நுழைவு அட்டை எப்போது கிடைக்கும் என்று வரவேற்பறைப் பெண்ணிடம் கேட்டேன். “அஓரீத்தா” என்றார், மலர்ந்த முகத்தோடு. இந்த நொடியே வரப்போகிறதே, உட்காருவானேன் என்று மேசை முன்னாலேயே நின்றேன். நாற்பது நிமிடம் நின்றிருப்பேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கடைசியில் எழுந்து போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அட்டை மறுநாள் மதியம் வந்தது.

மெக்சிகோவில் இந்தச் சொல்லுக்குள் எல்லாம் அடக்கம். “அஓரீத்தா வந்தார்” என்றால் சற்றுமுன் வந்தார். “அஓரீத்தா வருகிறேன்” என்றால் உடனே வரலாம், மாலையில் வரலாம், வராமலும் போகலாம். ‘ரீ’யை எவ்வளவு நீட்டுகிறார்களோ அவ்வளவு தாமதம் என்று அலுவலகத்தில் சொல்லித் தந்தார்கள். உண்மையிலேயே அவசரம் என்றால் விகுதியை இரட்டித்து ‘அஓரித்தீத்தா’ என்பார்கள், அல்லது “அஓரீத்தா அஓரீத்தாவா, வெறும் அஓரீத்தாவா?” என்று கேட்டு உறுதிசெய்துகொள்வார்கள். தெருவில் விற்க வருபவரிடம் “அஓரீத்தா வேண்டாம், நன்றி” என்றால் அது எப்போதைக்குமான வேண்டாம். முகத்துக்கு நேராக ‘இல்லை’ என்று சொல்லக் கூசுகிறவர்களுக்கு இந்தச் சொல் ஒரு திரைச்சீலை. தீபாவளிக்கு முந்தின வாரம் நம் தையற்காரர் சொல்லும் ‘இதோ, ஆயிற்று’ எனக்கு நினைவுக்கு வரும். அவரும் பொய் சொல்வதில்லை.

‘அஓரா’வின் வேர் ‘இந்த மணியில்’ என்று பொருள்படும் இலத்தீன் தொடர். மணியைக் குறிக்கும் அந்த இலத்தீன் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அதே கிரேக்கச் சொல்தான் வடமொழி வழியாக நம் பஞ்சாங்கத்துக்குள் ‘ஓரை’யாக நுழைந்தது. நம் ஓரைக்கு ஒரு மணி நேரம் என்ற அளவாவது உண்டு.

மெக்சிகோவின் நெளிவுசுளிவு பிடிபட்டதும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. அது ஒரு வெள்ளிக்கிழமை இறங்கியது. புவேர்ட்டோ ரிக்கோவில் கடைகள் வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளருக்குப் புதிய விலைப்பட்டியலை ஏற்ற வேண்டும். கோப்பு அதன் தலைநகர் சான் ஹுவானில் இருந்த எங்கள் சக ஊழியரிடம் இருந்தது. தொலைபேசிக் கூட்டத்தில் அவர், “அஓரீத்தா ஏற்றிவிடுகிறேன்” என்றார். குவாதலஹாராவில் எங்கள் குழுத் தலைவர், அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி என்று கணித்து, மாலை ஐந்துக்கு நிரலை ஓடவிட்டார். கூட்டக் குறிப்பு எழுதியவன் நான். ‘கோப்பு இப்போது ஏற்றப்படுகிறது’ என்று எழுதினேன்.

எங்களுக்கு ஐந்து என்றால் சான் ஹுவானில் ஏழு. 2022-இல் மெக்சிகோவின் பெரும்பகுதி கோடைகால நேரமாற்றத்தைக் கைவிட்டபின் ஆண்டு முழுவதும் அதே இரண்டு மணி வித்தியாசம்தான். கடிகாரத்தில் குழப்பமே இல்லை. அவர் இரவு உணவை முடித்துக்கொண்டு, ஒன்பது மணிக்கு, சொன்ன சொல் தவறாமல் கோப்பை ஏற்றினார். அதற்குள் நிரல் பழைய பட்டியலை எடுத்துக்கொண்டு ஓடி முடித்திருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடைகளில் பழைய விலைக்கே விற்றார்கள்.

திங்கட்கிழமை விசாரணைக் கூட்டத்தில்தான் விஷயம் தெரிந்தது. புவேர்ட்டோ ரிக்கோவில் ‘அஓரீத்தா’ என்றால் பிறகு. மழுப்பலும் இல்லை, சாக்கும் இல்லை, நேரடியான பிறகு. “உடனே என்றால் ‘அஓரா’ என்றிருப்பேனே” என்றார் அவர். “பிறகு என்றால் ‘அல் ராத்தோ’ என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்?” என்றார் எங்கள் தலைவர். இருவருக்கும் அது தாய்மொழி. ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியவில்லை என்று இருவருமே ஒரு கணம்கூட நினைத்திருக்கவில்லை. எனக்கு மட்டும் அது அயல்மொழி, ‘எத்தனை மணிக்கு?’ என்று வெட்கமில்லாமல் கேட்டிருக்கக் கூடியவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான். நானோ மெக்சிகோக்காரனாகிவிட்ட மிதப்பில் இருந்தேன். சிலிக்காரர் ஒருவர், “எங்களைப்போல ‘அல் திரோ’ என்று சொல்லிவிட்டால் தொல்லையே இல்லை” என்றார். ‘துப்பாக்கி வெடித்ததும்’ என்பதுபோல ஒலிக்கும் தொடர் அது. அவர்கள் ஊரில் உடனே என்று பொருள். அந்த நேரத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதன்பின் கூட்டக் குறிப்புகளில் மணியும் ஊரும் எழுத வேண்டும் என்று விதி போட்டோம். குறிப்புகள் ஒழுங்காயின. ஆனால் “மாலை 4.30, குவாதலஹாரா நேரம்” என்று பேச்சிலும் சொல்ல ஆரம்பித்தபோது கடன்காரனிடம் தவணை கேட்பதுபோல இருந்தது. இரண்டு வாரத்தில் பேச்சில் அஓரீத்தா திரும்பி வந்துவிட்டது. எழுத்தில் மட்டும் விதி நின்றது. அதுவே சரியென்று எனக்கும் பட்டது.

குவாதலஹாரா நண்பர் ஒருவர் வீட்டில் ஞாயிறு விருந்துக்குப் போனால், அவருடைய தாயார் பொசோலேயை மூன்றாம் முறையாக ஊற்ற வருவார். சோளமும் பன்றி இறைச்சியும் மிதக்கும் சூப்பு. இரண்டு கிண்ணமே வயிற்றுக்கு அதிகம். “அஓரீத்தா” என்பேன். புரிந்துகொண்டு கரண்டியை வைத்துவிடுவார். அந்த வித்தை கைவந்ததில் எனக்குப் பெருமை.

அடுத்த ஆண்டு வேலையாக சான் ஹுவான் போனபோது அந்தச் சக ஊழியர் வீட்டுக்கு அழைத்திருந்தார். பச்சைத் துவரை போட்ட சோறு. ஊர் நினைவில் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றாம் முறை தட்டை நீட்டச் சொன்னபோது, பழக்கதோஷத்தில் “அஓரீத்தா” என்றேன். சரி என்று தலையசைத்துவிட்டுப் போனார். முக்கால் மணி நேரம் கழித்து, தட்டு நிறையச் சோற்றோடு வந்து என் முன்னால் வைத்தார்.