பினாங்கு மலைக்கு மேலே ஒரு சத்தம்

நேற்று இரவு ஆயர் ஈத்தாம் வீட்டு மொட்டை மாடியில், கையடக்க ரேடியோ ஸ்கேனரில் அனைத்துலக விண்வெளி நிலையத்தைக் கேட்டேன். இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

போன வாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. இரைச்சல் வேண்டாமென்று, அதை அடைக்கும் ஸ்குவெல்ச் என்ற தடுப்பை ஏற்றி வைத்திருந்தேன். மெல்லிய சிக்னலும் அதோடு அடைபட்டுப் போனது. இந்த முறை ஸ்குவெல்ச்சை முழுதாகத் திறந்துவிட்டேன். 145.825 மெகாஹெர்ட்ஸ், எஃப்எம். ஆண்டெனாவை அடிக்கோல் வைத்து அளந்து 51 சென்டிமீட்டருக்கு இழுத்தேன். அலைநீளத்தில் கால் பங்கு அது. ஸ்கேன் ஓடவிடாமல் அந்த ஓர் அலைவரிசையிலேயே நிறுத்தினேன்.

நிலையம் வடமேற்கிலிருந்து ஏறி வரும் நேரம். முதலில் வெறும் ‘உஷ்ஷ்’. பினாங்கு மலை மறைக்கிறது, வேறொன்றுமில்லை. மலையைத் தாண்டியதும் ‘ப்ர்ர்ப்... ப்ர்ர்ப்’ என்று டேட்டா வெடித்து வெடித்து வந்தது. ஆண்டெனாவைச் சற்றுச் சாய்த்தால் இன்னும் தெளிவு.

“என்னப்பா, தவளையா?” என்றார் அம்மா.

“இல்லம்மா, 400 கிலோமீட்டர் உயரத்துல இருந்து வருது.”

துணி எடுக்க வந்தவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் அடங்கும்வரை என் பக்கத்திலேயே நின்றார்.