ஹண்டர் வேலியில் கோடு போட்ட இடம்தான் பிழைத்தது

சிட்னியில் இருந்து வருகிற நம் ஆட்களுக்கு ஹண்டர் வேலி என்கிற இந்தப் பள்ளத்தாக்கு என்றால் பொக்கோல்பின் ஊர்தான். திராட்சைத் தோட்டம், சீஸ் கடை, பிள்ளைகளுக்குச் சாக்லேட், நாலு போட்டோ, சாயங்காலம் வீடு. அதே பள்ளத்தாக்கில் இன்னும் கொஞ்சம் வடக்கே, சிங்கிள்டனைத் தாண்டி மசல்புரூக் போகும் நெடுஞ்சாலையில் யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. சாலைக்கு இரண்டு பக்கமும் மண்மேடு, மேட்டுக்குப் பின்னால் குழி. உலகத்திலேயே அதிகமாக நிலக்கரி ஏற்றுமதி செய்கிற துறைமுகம் நியூகாசில். அங்கே போகும் கரியில் பெரும்பகுதி இந்தக் குழிகளில் இருந்து ரயிலில் போவதுதான்.

நான் வேலை பார்ப்பது இரண்டுக்கும் நடுவில், புரோக் என்கிற சின்ன ஊரில், ஒரு விருந்தினர் விடுதியில். என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். எங்கள் வீட்டுக் கடனில் பாதிக்கு மேல் கட்டுவது நிலக்கரிச் சம்பளம். அதைச் சொல்லாமல் இந்த விஷயத்தை எழுதினால் அது நேர்மையாக இருக்காது. இருந்தாலும் சொல்கிறேன்: இந்தப் பள்ளத்தாக்கில் தோண்டக்கூடாத இடங்கள் உண்டு. அவற்றைச் சட்டத்தில், வரைபடத்தில், முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். ஒவ்வொரு சுரங்கம் வரும்போதும் ஊர் எழுந்து நின்று சண்டை போடட்டும் என்று விட்டால் ஊர்தான் களைத்துப் போகும்.

நான் வைன் குடிப்பதில்லை. ஆனால் அதை உண்டாக்குகிறவர்களோடு பழகியதில் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். இங்கே கொடி நட ஆரம்பித்து இருநூறு வருஷம் ஆகப்போகிறது. டிரல் குடும்பம் பொக்கோல்பினில் 1858-இல் தொடங்கியது, இன்றும் அதே குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. ஓடைக்கரை மணலில் செமியோன் என்கிற வெள்ளைத் திராட்சை, மேட்டுச் செம்மண்ணில் ஷிராஸ் என்கிற கறுப்புத் திராட்சை. செமியோன் பழத்தை ஜனவரியிலேயே, சர்க்கரை முழுசாக ஏறும் முன்னாலேயே பறித்துவிடுவார்கள். புதுசில் எலுமிச்சைத் தண்ணீர் மாதிரி இருக்குமாம், பத்து வருஷம் பாட்டிலில் கிடந்தால் வேறு சரக்காக மாறிவிடுமாம். இந்த மண்ணில், இந்த ஈரக்காற்றில் வருவது வேறு இடத்தில் அப்படியே வராது என்று அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். சுரங்க நிறுவனம் வேறு மாநிலத்தில் வேறு குழி தோண்டலாம். வயசான கொடியைப் பிடுங்கி எங்கே கொண்டுபோய் வைப்பது?

விடுதி வேலையில் இருப்பதால் எனக்குத் தெரிகிற பக்கம் வேறு. விருந்தினர் காசு கொடுப்பது அறைக்கு மட்டும் இல்லை, வாசலில் உட்கார்ந்தால் தெரிகிற மலைக்கும் அமைதிக்கும் சேர்த்துத்தான். குளிர்காலத்தில் காற்று அசையாத இரவுகளில் புல்டோசர் சங்கிலிச் சத்தம் தரையோடு தரையாக வந்து சேரும். லாரி பின்னால் வரும்போது அடிக்கிற அந்த 'பீப்' சத்தமும் கேட்கும். காலையில் டோஸ்ட் வைக்கும்போது, "ராத்திரி என்ன அது, ரயிலா?" என்று கேட்பார்கள். சுரங்கம் என்று சொன்னதும் முகம் மாறும். அடுத்த வருஷம் அவர்கள் பொக்கோல்பின் தெற்குப் பக்கம் அறை தேடுவார்கள்.

இந்தப் பக்கத்துப் பண்ணை வீடுகளில் பல, கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கிறவை. மழை வந்தால் முதல் தண்ணீரைத் தனியாகத் தள்ளிவிட ஒரு குழாய் வைத்திருப்போம். அதன் அடி மூடியைத் திறந்து கழுவுவது என் வேலைகளில் ஒன்று. வறட்சிக் காலம் முடிந்து முதல் மழைக்குப் பிறகு அதில் இருந்து வரும் சேறு கறுப்பாக, விரலில் ஒட்டினால் சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் நிற்கும். அதில் எத்தனை பங்கு வயல் மண், எத்தனை பங்கு கரி என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. குடிக்கிற தண்ணீரில் அந்தச் சந்தேகம் வருவதே எனக்குப் போதும்.

இங்கே ஜெயித்த சண்டை ஒன்று உண்டு. கரிப்படுகையில் இருந்து எரிவாயு எடுக்க ஏஜிஎல் நிறுவனம் ஹண்டரில் உரிமம் வைத்திருந்தது. படுகையில் இருக்கும் தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் வாயு வெளியே வரும், வரும் தண்ணீர் உப்பு. தோட்டக்காரர்களும் குதிரைப் பண்ணைக்காரர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். மாநில அரசு திராட்சைக்கும் குதிரை வளர்ப்புக்கும் முக்கியமான நிலங்களை வரைபடத்தில் குறித்தது. 2013 பிப்ரவரியில் அன்றைய பிரீமியர், அதாவது மாநில முதல்வர், பேரி ஓ'ஃபாரல், அந்த நிலங்களிலும் குடியிருப்புகளைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள்ளும் புதிதாக இந்த வாயு எடுக்க முடியாது என்று அறிவித்தார். 2015-இல் ஏஜிஎல்லின் ஹண்டர் உரிமத்தை அரசே திரும்ப வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு இந்தத் தோட்டங்களில் யாரும் கூட்டம் போட்டு வாயுவுக்கு எதிராகப் பேச வேண்டிய அவசியம் வரவில்லை. கோடு போட்டதன் பலன் அதுதான்.

ஆனால் அதே வரைபடம் நிலக்கரிக்குத் தடை இல்லை. அங்கே சுரங்கம் கேட்டால் 'கேட்வே' என்று ஒரு நிபுணர் குழு முதலில் பார்க்கும். அந்தக் குழுவால் 'கூடாது' என்று சொல்ல முடியாது, நிபந்தனை போட்டு அனுப்பத்தான் முடியும். எனக்கு இது புரிந்த நாளில் நிஜமாகவே கோபம் வந்தது. டிரெய்டன் சவுத் என்கிற திறந்தவெளிச் சுரங்கத்தைக் கூல்மோர், கொடால்ஃபின் குதிரைப் பண்ணைகளுக்கு எதிரிலேயே தோண்ட ஆங்கிலோ அமெரிக்கன் என்கிற சுரங்க நிறுவனம் கேட்டது. மாநிலத் திட்டக்குழு மறுத்தது, நிறுவனம் மறுபடி கேட்டது, 2017 பிப்ரவரியில் குழு மறுபடி மறுத்த பிறகுதான் முடிந்தது. உலகப் பணக்காரப் பண்ணைகள் என்பதால் அத்தனை வருஷம் வக்கீல் வைத்துத் தாக்குப்பிடித்தார்கள். பிறகு வேறு நிறுவனம் அந்த இடத்தை வாங்கி, திறந்தவெளி வேண்டாம், தரைக்கு அடியில் மட்டும் எடுக்கிறோம் என்று 2020-இல் அனுமதி வாங்கியது. இப்போது அது நடக்கிறது. பேசினால் நடுவழியும் பிறக்கும் என்பதற்கு அதைச் சொல்கிறேன்.

பல்காவுக்கு அந்தப் பணம் இல்லை. புரோக்குக்குப் பக்கத்து ஊர், சில நூறு பேர் இருப்பார்கள். வார்க்வொர்த் சுரங்கத்துக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு மேடும் காடும் இருந்தன. 2003-இல் சுரங்கத்துக்கு அனுமதி கொடுத்தபோது அவற்றைத் தொடக்கூடாது என்று ஒதுக்கி, ஒப்பந்தமும் போட்டார்கள். சில வருஷம் கழித்து அதே மேட்டைத் தோண்ட விண்ணப்பம் வந்தது, திட்டக்குழு சரி என்றது. ஊர்ச் சங்கம் நீதிமன்றம் போனது. 2013 ஏப்ரலில் மாநில நில, சுற்றுச்சூழல் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி பிரையன் பிரெஸ்டன் அனுமதியை ரத்து செய்தார். சத்தம், தூசி, காட்டின் இழப்பு, ஊர்க்காரர்கள் தங்கள் இடத்தின் மேல் வைத்திருக்கும் பாசம் எல்லாவற்றையும் தீர்ப்பில் எடைபோட்டார். நிறுவனமும் அரசும் மேல்முறையீடு செய்து 2014-இல் தோற்றார்கள். இதற்கு நடுவில் அரசு, சுரங்க விண்ணப்பங்களில் பொருளாதார மதிப்பே முதன்மை என்று விதியை மாற்றியது. புது விண்ணப்பம் போனது. 2015 நவம்பரில் அனுமதி கிடைத்தது. நீதிமன்றத்தில் இரண்டு முறை ஜெயித்த ஊர் அது!

2019 பிப்ரவரியில் அதே நீதிபதி, வடகிழக்கே கிளாஸ்டர் ஊருக்குப் பக்கத்தில் வரவிருந்த ராக்கி ஹில் சுரங்கத்தை மறுத்தார். அந்த மலைக்காட்சிக்கும் ஊர் வாழ்க்கைக்கும் வரும் கேட்டோடு, பருவநிலைக்கு வரும் கேட்டையும் காரணமாகச் சொன்னார். நல்ல தீர்ப்பு. ஆனாலும் ஒரு நீதிபதியின் தீர்ப்பை நம்பி எத்தனை ஊர் காத்திருக்க முடியும்?

நான் விருத்தாசலம் பக்கம் பிறந்தவள். நெய்வேலிக் குழி விரிய விரிய நிலம் கொடுத்த சொந்தக்காரர்கள் எங்கள் குடும்பத்தில் உண்டு. அதனால்தான் 2020-இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தபோது இங்கிருந்தே அதைத் தேடிப் படித்தேன். 2023-இல் டெல்டா பக்கத்து நிலக்கரித் தொகுதிகள் மத்திய அரசின் ஏலப் பட்டியலில் வந்தபோது, எதிர்க்கிறவர்கள் கையில் சுட்டிக்காட்ட ஒரு சட்டம் இருந்தது. மூன்று தொகுதிகளும் பட்டியலில் இருந்து எடுக்கப்பட்டன.

வீட்டில் இதைப் பேசும்போது அவர் கேட்பார்: "குழி இல்லேன்னா இந்த ஊர்ல நமக்கு என்ன சம்பளம் வரும்னு நெனைக்கிற?" நியாயமான கேள்வி. விடுதிச் சம்பளம் சுரங்கச் சம்பளத்துக்கு ஈடாகாது, அதை நான் தினமும் பார்க்கிறேன். நான் சொல்கிற பதில் ஒன்றுதான்: "ஏங்க, இருக்கிற குழிய மூடச் சொல்லலையே, கொடி இருக்கிற எடத்துல புதுசா தோண்டாதேன்னுதானே சொல்றேன்." லிடெல் அனல் மின் நிலையம் 2023 ஏப்ரலில் மூடிவிட்டது. மவுண்ட் ஆர்தர் சுரங்கத்தை 2030-இல் நிறுத்துவதாக பிஹெச்பி நிறுவனம் அறிவித்திருக்கிறது. அதற்குப் பிறகு இங்கே சம்பளம் கொடுக்கப் போகிற தொழில்களில் தோட்டமும் விடுதியும் உண்டு. அவற்றையும் சேர்த்துத் தோண்டிவிட்டால் எங்கள் பிள்ளைகள் எங்கே வேலைக்குப் போவார்கள்?

வாயுவுக்குப் போட்ட அதே கோட்டைத் திறந்தவெளி நிலக்கரிக்கும் போடச் சொல்லி எங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதியிருக்கிறேன். சிட்னியில் இருக்கும் நம் ஆட்களும் எழுதலாம். புதுச் சுரங்க விண்ணப்பம் வந்தால் மாநிலத் திட்டத்துறை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் போடலாம். தனித்தனியாக எழுதிய ஐம்பது ஆட்சேபம் சேர்ந்தால் விஷயம் சுயேச்சைத் திட்ட ஆணையத்துக்குப் போகும், ஒரே வாசகத்தை நகலெடுத்து அனுப்பினால் கணக்கில் வராது. அடுத்த தடவை வரும்போது எக்ஸ்பிரஸ்வேயை விட்டுவிட்டு வின்ட்சரில் இருந்து புட்டி ரோடு வழியாக வாருங்கள். வளைவு அதிகம், நேரம் கூடும், வழியில் பெட்ரோல் பங்க்கை எதிர்பார்க்காதீர்கள். பல்காவில் இறங்கிப் பார்த்துவிட்டு புரோக் வழியாகப் பொக்கோல்பின் போங்கள். எழுதும்போது என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டியிருக்காது.