கிளிப் போட்ட பிறகும் மூன்று நாள்

மூட்டுவலிக்காக அப்பா பெரம்பூரில் வீட்டுப் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு காலை, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்றார். சொல்லும்போதே தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

"இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுறாரா?" என்பதுதான் அவசரப் பிரிவில் கேட்ட முதல் கேள்வி. அதிலும் மலம் கறுக்குமாம்; ஆனால் இப்படிப் பிசுபிசுக்காது, இந்த நாற்றமும் இருக்காது. இது உள்ளே ரத்தம் கசிவதன் அடையாளம் என்றார்கள். உடனே எண்டோஸ்கோப்பிக்கு, அதாவது வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பதற்கு, கூட்டிப்போவார்கள் என்று காத்திருந்தேன். இல்லை. இரண்டு கையிலும் ஊசி, சலைன், அப்புறம் ரத்தம். ஹீமோகுளோபின் 7-க்கும் கீழே இருந்தது. பிரஷர் நிலைக்கு வந்த பிறகு, 24 மணி நேரத்துக்குள் குழாய் விட்டால் போதும், அதற்கு முன் அவசரப்பட்டால்தான் ஆபத்து என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். அந்த நிதானத்துக்கு இன்றும் அவருக்கு நன்றி.

தொண்டையில் மரத்துப்போகும் ஸ்பிரே அடித்து, இடப்பக்கமாகப் படுக்கவைத்துச் செய்தார்கள். முடிந்ததும் டாக்டர் படத்தைக் காட்டினார். சிறுகுடல் தொடங்கும் இடத்தில் குழி மாதிரி ஒரு புண், அதன் நடுவிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின் ஊசி போட்டதும் அந்த இடம் உப்பி வெளுத்துவிட்டது. அடுத்த படத்தில், குழியைக் கவ்விக்கொண்டு ஒரு சின்ன உலோகக் கிளிப். ஊசியோடு விட்டால் மருந்தின் வேகம் குறைந்ததும் மறுபடி கசியக்கூடும்; அதனால்தான் கிளிப்பும் போட்டாராம்.

எங்களுக்கு நிஜமான கஷ்டம் அதற்குப் பிறகுதான். ரத்தம் திரும்ப வருவது பெரும்பாலும் முதல் மூன்று நாளில். அமிலம் ரத்தக்கட்டியைக் கரைத்துவிடாமல் இருக்க, அதைக் குறைக்கும் பேன்டோபிரசோல் மருந்து முதலில் 80 மி.கி., பிறகு மணிக்கு 8 மி.கி. வீதம் 72 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏறியது. மறுநாளும் மலம் கறுப்பாகப் போனபோது எனக்கு உயிரே போய்விட்டது. "அது பழைய ரத்தம்மா, வெளியே வரத்தான் செய்யும். நாடி வேகமாகுதா, பிரஷர் இறங்குதா, அதைத்தான் பார்க்கணும்" என்று சிஸ்டர் மானிட்டரைக் காட்டினார். அதற்கப்புறம்தான் மூச்சு வந்தது.

கிளிப் தானாகவே கழன்று மலத்தோடு போய்விடும். அதற்குள் எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதிக் கொடுத்தார்கள். குடலைப் புண்ணாக்கக்கூடிய டைக்ளோஃபெனாக்கை அடியோடு நிறுத்தியாயிற்று, மூட்டுக்குப் பாராசிட்டமால்தான்.

இப்படிப் புண் வரக் காரணமாகும் ஹெச். பைலோரி என்ற வயிற்றுக் கிருமி இல்லை என்றுதான் முதல் பரிசோதனை சொன்னது. ரத்தம் கசியும்போது அந்தப் பரிசோதனை தவறவிடக்கூடும் என்று டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருந்தார். புண் ஆறி, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டுப் போனோம். இந்த முறை கிருமி இருந்தது. 14 நாள் ஆன்டிபயாடிக் முடித்து, கிருமி போய்விட்டதா என்று இன்னொரு முறை பார்த்து உறுதிசெய்துகொண்டோம்.