பாட்டை எண்ணிய பிறகுதான் கேமராவைத் தொட்டோம்: இறுதிப் பருவ இசைக் காணொளி அனுபவம்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்றாம் ஆண்டின் இறுதிப் பருவச் செய்முறைத் தேர்வுக்குக் குறும்படம், ஆவணப்படம், இசைக் காணொளி ஆகிய மூன்றில் ஒன்றைச் செய்யலாம் என்று துறைத் தலைவர் அறிவித்தபோது, எங்கள் குழுவின் ஐந்து பேரும் அதிகம் யோசிக்காமல் இசைக் காணொளியைத் தேர்ந்தெடுத்தோம். வசனம் எழுத வேண்டாம், டப்பிங் வேண்டாம், மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும் என்பவையே எங்கள் காரணங்கள். அவற்றுள் கடைசிக் காரணம் மட்டும் உண்மை, அதுவும் பாதி உண்மை. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக் கல்லூரிகளில் இதே தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படலாம் என்பதால், திட்டமிடலில் நாங்கள் எங்கே தடுமாறினோம், எது கைகொடுத்தது என்பதை எழுதுகிறேன்.

பாட்டு எங்களுக்கு எளிதாகவே கிடைத்தது. எங்கள் கல்லூரியில் முன்பு படித்த அக்கா ஒருவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். விடியுமுன் காவேரிப்பட்டினத்தில் கம்பெனி பஸ் ஏறி இருட்டிய பிறகு திரும்பும் தம் நாள்களைப் பற்றி அவரே எழுதி, மெட்டமைத்து, நண்பர் ஒருவரின் வீட்டு அறையில் பதிவு செய்திருந்தார். "எடுத்துக்கோங்கப்பா, இதுக்கெல்லாம் என்ன கேட்டுக்கிட்டு" என்று அவர் சொன்னதோடு அனுமதி முடிந்துவிட்டதாக நாங்கள் நினைத்தோம். எங்கள் வழிகாட்டி ஆசிரியர் அதை ஏற்கவில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு பாட்டில் வரிகள் ஓர் ஆக்கம், மெட்டு இன்னோர் ஆக்கம், ஒலிப்பதிவு தனியாக மூன்றாவது ஆக்கம் என்று அவர் விளக்கினார். முதல் இரண்டும் அக்காவுக்கு உரியவை. பதிவுக்கு உழைத்து, கிட்டாரும் வாசித்து, இசைக்கலவையும் செய்த நண்பரிடம் யாரும் கேட்கவே இல்லை. ஆகவே, எந்தப் பாட்டு, எந்தக் காணொளி, தேர்வுக்கு மட்டுமா, யூடியூபில் ஏற்றவும் செய்யலாமா, வருமானம் வந்தால் யாருக்கு என்று ஐந்தே வரிகளில் ஒரு கடிதம் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினோம். பாட்டு ஏற்கெனவே ஏதேனும் விநியோக நிறுவனம் வழியாக வெளியாகியிருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அந்த நிறுவனம் யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற, பாட்டைத் தானாகவே அடையாளம் காணும் முறையில் பாட்டைப் பதிந்திருந்தால், பாடியவரே சம்மதித்திருந்தாலும் உங்கள் காணொளிமீது தானாகவே உரிமைக் கோரிக்கை வந்து விழும். உங்கள் சேனலுக்கு விலக்களிக்கும்படி அவர்தான் அந்த நிறுவனத்துக்கு எழுத வேண்டும்.

அடுத்து நாங்கள் செய்தது பெரிய பிழை. ஆளுக்கொரு காட்சியைக் கனவு கண்டு ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினோம். ஒகேனக்கல் அருவியில் பரிசல், கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணையின்மேல் மாலை வெயில், இராயக்கோட்டைக் கோட்டையின் உச்சியில் காற்றில் பறக்கும் துப்பட்டா, பழங்கள் தொங்கும் மாந்தோப்பு என்று நோட்டு நிரம்பியது. ஒரு வாரத்தில் நூற்று நாற்பது ஷாட்டுகள் சேர்ந்திருந்தன. அந்த நோட்டைப் பார்த்த ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்க பாட்டு எத்தனை சுற்றுப்பா?" ஐந்து பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

அன்றிரவு விடுதி அறையில் உட்கார்ந்து எண்ணினோம். கைப்பேசிச் செயலியில் தட்டிப் பார்த்ததில் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 96 தட்டு என்று வந்தது. அதாவது ஒரு தட்டுக்கு 0.625 விநாடி; நான்கு தட்டு சேர்ந்த ஒரு சுற்றுக்கு 2.5 விநாடி. பாட்டின் நீளம் 3 நிமிடம் 40 விநாடி, அதாவது 220 விநாடி; வகுத்தால் சரியாக 88 சுற்று. ஒரு செயலி 48 என்றும் இன்னொன்று 192 என்றும் காட்டிக் குழப்பின. பாதி வேகத்தையும் இருமடங்கு வேகத்தையும் அவை அடிக்கடி மாற்றிக் காட்டும் என்பதால், கால் தானாகத் தட்டும் வேகத்தையே நம்புங்கள். மெட்ரோனோம் (சீராகத் தட்டு ஒலிக்கும் கருவி) இல்லாமல் பதிவான பாட்டாக இருந்தால் வேகம் இடையில் ஏறி இறங்கும். அப்போது வகுத்தல் உதவாது, எடிட்டிங் மென்பொருளில் பாட்டை ஓடவிட்டு ஒவ்வொரு சுற்றின் முதல் தட்டிலும் கையாலேயே மார்க்கர் (அடையாளக் குறி) போட வேண்டும்.

பிறகு நான்கு வரைபடத் தாள்களை ஒட்டிச் சுவரில் மாட்டி, ஒரு கட்டத்துக்கு ஒரு சுற்று என 88 கட்டங்களை வரைந்தோம். முன்னிசைக்கு 8, பல்லவிக்கு 16, முதல் இடையிசைக்கு 8, முதல் சரணத்துக்கு 16, திரும்ப வரும் பல்லவிக்கு 8, இரண்டாம் இடையிசைக்கு 8, இரண்டாம் சரணத்துக்கு 16, முடிவுப் பல்லவிக்கு 8. கட்டங்களுக்கு அடியில் அந்த இடத்தில் வரும் வரியைப் பென்சிலால் எழுதினோம். அதற்கும் அடியில், கிட்டார் நின்று குரல் மட்டும் ஒலிக்கும் இரண்டு சுற்றுகளைச் சிவப்பில் வட்டமிட்டோம். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் நூற்று நாற்பது ஷாட்டுகளின் அபத்தம் புரிந்தது. ஒரு ஷாட் சராசரியாக இரண்டு சுற்று நின்றாலே நமக்குத் தேவை 44 ஷாட்டுகள். அக்காவின் முகத்தில் ஆறு சுற்று நிலைத்திருந்தால் இன்னும் குறையும். பல்லவியில் வேகமாக வெட்டுவது, சரணத்தில் நிற்பது, சிவப்பு வட்டத்தில் ஒரே ஷாட் என்று முடிவு செய்தபோது எண்ணிக்கை 52-க்கு வந்தது. எங்கே போய்ப் படமெடுப்பது என்ற கேள்விக்கும் தாளே பதில் சொன்னது: பாட்டு வீடு, பஸ் நிறுத்தம், அப்பாவின் வேலையிடம் என்ற மூன்று இடங்களைத் தாண்டவே இல்லை. பரிசலுக்கு ஒரு கட்டம்கூட மிச்சமில்லை.

இடங்களைப் பற்றி இந்தப் பக்கத்துக்கே உரிய சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். நம் தேர்வு ஏப்ரலில் என்றால் படப்பிடிப்பு பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும்; அப்போது கிருஷ்ணகிரித் தோப்புகளில் பூவும் பிஞ்சும்தான் இருக்கும். பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக மாங்கூழ் ஆலைகளுக்குப் போவது கோடையின் கடைசியில்தான். அக்காவின் அப்பா மாங்காய் மண்டியில் சுமை தூக்குபவர் என்று பாட்டு சொல்கிறது. எங்கள் அட்டவணையிலோ மாங்காயே கிடையாது. இந்த முரணை நாங்கள் கண்டுபிடித்தது ஜனவரிக் கடைசியில். அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, அப்பா மாங்காய் இல்லாத மாதங்களில் இராயக்கோட்டைத் தக்காளி மண்டிக்குத்தான் போவார் என்றார். காட்சி அங்கே மாறியது, பாட்டு கெடவில்லை. ஒகேனக்கல்லை வைத்தே தீருவது என்று நினைப்பவர்களும் மாதத்தைப் பார்க்க வேண்டும்: கர்நாடக அணைகளிலிருந்து நீர் திறக்கப்பட்டுக் காவிரியில் வரத்து கூடினால் பரிசல் ஓட்டத் தடை விதித்துவிடுவார்கள். இராயக்கோட்டைக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்பதால், அங்கே படமெடுக்க எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், அணைக்கும் அப்படியே. ட்ரோன் வைத்திருக்கும் நண்பர் வருகிறேன் என்றால், 2021-இன் ட்ரோன் விதிகளையும் ட்ரோன் எங்கே பறக்கலாம் என்பதை நிறங்களால் காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த நிற மண்டலத்தில் வருகிறது என்பதையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள். நாங்கள் பார்த்தோம், விட்டுவிட்டோம்.

மண்டிக்கு முதல் நாள் கேமரா இல்லாமலே போனோம். இதைக் கட்டாயம் செய்யுங்கள். விடியற்காலையில் தக்காளி நிரம்பிய பிளாஸ்டிக் பெட்டிகள் தோளுயரத்துக்கு அடுக்கியிருக்க, ஏலம் கூறுபவர் தமிழில் தொடங்கித் தெலுங்கில் விலையை ஏற்றி, கன்னட வியாபாரியிடம் கன்னடத்தில் முடித்தார். நாங்கள் தமிழில் அச்சடித்துக் கொண்டுபோன ஒப்புதல் படிவத்தைச் சுமை தூக்கும் அண்ணன்களில் பாதிப் பேர் வாங்கவே இல்லை. ஒருவர் மட்டும், "படிச்சுக் காட்டு தம்பி, அப்புறம் பாக்கலாம்" என்றார். படித்துக் காட்டியதும் அவரே மற்றவர்களுக்குத் தெலுங்கில் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தார். மறுவாரம் கேமராவோடு போனபோது, ஒலிபெருக்கியில் பாட்டைச் சத்தமாகப் போட்டோம். ஐந்தாவது நிமிடத்தில் மண்டிக்காரர் வந்து, "பாட்டை நிறுத்துங்கப்பா, ஏலம் கேக்கல, எனக்கு வியாபாரம் போகுது" என்றார். அவர் பக்கம்தான் நியாயம். ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, அக்காவின் ஒரு காதில் மட்டும் வயர் இயர்போனை மாட்டித் தலைமுடியால் மறைத்து எடுத்தோம். அவர் வாய்விட்டே பாடினார். கேமரா பதிந்த அந்தக் குரலை வைத்துத்தான் பின்னர் உதட்டசைவைப் பாட்டோடு பொருத்தினோம்.

உதட்டசைவில் எங்களுக்கு ஒரு முழு ஞாயிறு வீணானது. அக்காவுக்கு ஞாயிறு மட்டுமே விடுமுறை, எங்களுக்கு இருந்ததோ மூன்று ஞாயிறு என்பதை வைத்து இந்த இழப்பை அளந்துகொள்ளுங்கள். பல்லவியில் அவர் பஸ் நிறுத்தத்தில் நின்று பாட, பின்னால் போவோர் வருவோர் எல்லாம் மெதுவாக நகர வேண்டும் என்பது யோசனை. விநாடிக்கு 50 ஃபிரேமில் (ஃபிரேம் என்பது ஒரு தனிப் படம்) எடுத்து 25-இல் ஓடவிட்டால் அசைவு பாதி வேகத்துக்கு இறங்கும் என்பது தெரியும். உதடும் பாதி வேகத்துக்கு இறங்கும் என்பதை எடிட்டிங் மேசையில்தான் உணர்ந்தோம். அதற்கு வழி இருக்கிறது: பாட்டை இருமடங்கு வேகத்தில் ஓடவிட்டு அவரை அந்த வேகத்திலேயே பாடச் சொல்லி 50 ஃபிரேமில் எடுக்க வேண்டும். பாதி வேகத்தில் ஓடவிடும்போது உதடு மூலப்பாட்டோடு பொருந்திவிடும், உலகம் மட்டும் மெதுவாக நகரும். ஆனால் நிமிடத்துக்கு 192 தட்டில் வார்த்தைகளை விழுங்காமல் பாடுவதற்குப் பயிற்சி வேண்டும். அக்கா கம்பெனி பஸ்ஸில் போய் வந்தபடி நான்கு நாள் பழகினார்; பக்கத்து இருக்கையில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

கைப்பேசியில் படமெடுப்பவர்கள் இரண்டு அமைப்புகளை முதலிலேயே சரிசெய்துகொள்ளுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கைப்பேசி வழக்கமாக எடுக்கும் 30 ஃபிரேமில் ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமும் ஒளியை வாங்கும் நேரம்) அறுபதில் ஒரு பங்கு விநாடியில் நின்றால், சமையலறை டியூப் லைட் திரையில் படபடக்கும். 25 ஃபிரேம், ஐம்பதில் ஒரு பங்கு ஷட்டர் என்று கையால் பூட்டிவிட்டால் தொல்லை இல்லை. மற்றொன்று, பல கைப்பேசிகள் ஃபிரேம் வேகத்தைத் தாமாகவே கூட்டிக் குறைத்துப் பதியும். முதல் வரியில் பொருந்திய உதடு நான்காம் வரியில் விலகுவது அதனால்தான். வேகத்தை நிலையாக வைக்கும் செயலியில் எடுங்கள், முடியாவிட்டால் எடிட்டிங்குக்கு முன் கோப்புகளை நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

விடியல் காட்சிக்கு அட்டவணை போடுவது தனிக் கலை. பிப்ரவரித் தொடக்கத்தில் இங்கே சூரியன் ஆறே முக்கால் மணியை ஒட்டித்தான் எழுகிறது. அதற்கு முந்தைய இருபது, இருபத்தைந்து நிமிட நீல வெளிச்சமே நமக்குக் கிடைப்பது. அக்காவின் உண்மையான பஸ் அதற்கெல்லாம் முன்பே போய்விடும். எனவே, ஞாயிறுகளில் ஓடாத ஒரு பள்ளி வேனை டீசல் செலவுக்குப் பேசி, நீல வெளிச்சத்தில் அதை மூன்று முறை வந்து நிற்க வைத்தோம். மூன்று முறைக்குள் எந்தக் கட்டத்துக்கான ஷாட் எது என்பதைத் தாளில் இருந்து ஒருவர் வாசிக்க, ஒருவர் கேமரா, ஒருவர் வேன் ஓட்டுநரிடம் கைப்பேசியில். யாருக்கும் யோசிக்க நேரமில்லை, யோசிக்க வேண்டிய தேவையும் இல்லை. டீ, இட்லி, டீசல், வாடகை ட்ரைபாட் எல்லாம் சேர்த்து எங்கள் செலவு ஆறாயிரத்துச் சொச்சம். அதில் பாதி சாப்பாடு. சாப்பாட்டில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள், பசியோடு இருக்கும் குழு பத்து மணிக்கே வீட்டுக்குப் போகப் பார்க்கும்.

தேர்வுக்குக் கொடுக்கும் செய்முறைப் பதிவேடான ரெக்கார்டில் கதைச் சுருக்கம், ஷாட் பட்டியல், அட்டவணை, செலவுக் கணக்கு, அனுமதிக் கடிதங்கள் ஆகியவற்றோடு அந்த வரைபடத் தாளையும் மடித்து ஒட்டினோம். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளித் தேர்வாளர் காணொளியை ஒருமுறை பார்த்துவிட்டு, தாளை மேசைமேல் விரித்து விரலால் கட்டங்களைத் தொட்டபடி இரண்டாம் முறை ஓடவிட்டார். சிவப்பு வட்டம் வந்த இடத்தில் ஏன் வெட்டவில்லை என்று கேட்டார். கிட்டார் நிற்கும் இடத்தில் படமும் நிற்கட்டும் என்று நினைத்தோம் என்றேன். தலையாட்டினார். பிறகு இரண்டாம் சரணத்துக்கு வந்து நிறுத்தி, அக்காவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் காட்டினார். கம்பெனியின் பெயர் தெரியக்கூடாது என்று முதல் ஞாயிறு அதன்மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தோம்; கடைசி ஞாயிறு ஒட்ட மறந்து, அட்டையைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தோம். "முதல் சரணத்துல வெள்ளையா இருந்த அட்டை இங்க நீலமா இருக்கே?" என்றார். ஒவ்வொரு நாள் படப்பிடிப்பு முடிந்ததும் உடையையும் பொருள்களையும் ஒரு புகைப்படம் எடுத்து வைக்க வேண்டும் என்று அட்டவணையின் அடியில் நானே எழுதியிருந்தேன், சார், எடுக்கத்தான் இல்லை என்றேன். அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, எழுதியிருந்ததை வாசித்து, ஓரத்தில் ஒரு சுழி போட்டுவிட்டு, அடுத்த குழுவைக் கூப்பிடச் சொன்னார்.