அம்மாவுக்கு வந்த திடீர் மறதி: அவசரப் பிரிவில் பார்த்ததும் கேட்டதும்

துவைத்த கம்பளிகளை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் உலர்த்திவிட்டு இறங்கி வந்த அம்மா, "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார். சொன்னேன். ஒரு நிமிஷம் போயிருக்காது, அதே கேள்வி, அதே குரலில். அப்புறம், "கம்பளி எல்லாம் எங்கடி காணோம்?" என் பெயர் தெரிகிறது, தன் பெயர் தெரிகிறது, பேச்சு குழறவில்லை, கை கால் நன்றாக இருக்கிறது. அன்று காலையில் செய்தது மட்டும் நினைவில்லை. நான் சொல்லும் பதிலும் மனசில் தங்கவில்லை. அம்மாவுக்கு வயது 62.

பக்கத்து வீட்டு அக்கா, "பிபியா இருக்கும், கொஞ்ச நேரம் படுக்கட்டும்" என்றார். நான் 108-ஐ அழைத்தேன். ஒருவேளை ஸ்ட்ரோக் என்றால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுக்க வைத்தால் அந்த நேரம் வீணாகப் போய்விடும்.

அவசரப் பிரிவில் முதல் வேலையாக விரலில் குத்தி சுகர் பார்த்தார்கள். சுகர் மிகவும் இறங்கினாலும் ஆள் குழம்பிப் போகலாம் என்றார் நர்ஸ். அது சரியாக இருந்தது. பிபி, ஈசிஜி, ரத்தத்தில் சோடியம், மூளைக்குள் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்க சிடி ஸ்கேன். எதிலும் கோளாறு இல்லை.

ஆனால் நோயைக் காட்டிக்கொடுத்தது மெஷின் இல்லை, டாக்டர் கேட்ட கேள்விகள்தான். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்? தலையில் அடி பட்டதா? காய்ச்சல் உண்டா? தூக்க மாத்திரை போடுகிறாரா? கண் நிலைகுத்தி, சும்மாவே வாயை மென்றாரா? காய்ச்சலோடு குழப்பம் என்றால் மூளைக்காய்ச்சலை நினைக்க வேண்டும், வாய் மெல்லுவது வலிப்பின் அடையாளமாக இருக்கலாம். இதெல்லாம் அம்மாவால் சொல்ல முடியாது. கூட இருந்து பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். அதனால் விஷயம் தெரிந்த ஒருவர் கண்டிப்பாகக் கூடப் போக வேண்டும்.

பிறகு டாக்டர் அம்மாவிடம் மூன்று வார்த்தைகள் சொன்னார். உடனே திருப்பிச் சொன்னார் அம்மா. சில நிமிஷம் கழித்துக் கேட்டால், அப்படி ஏதோ சொன்னார்கள் என்பதே தெரியவில்லை. பேனாவைக் காட்டினால் பெயர் சொல்கிறார், கணக்குப் போடுகிறார், நடக்கிறார். இரண்டு பக்கப் பார்வையையும் டாக்டர் விரலை அசைத்துச் சோதித்தார். மூளையின் பின்பக்க ரத்தக்குழாய் அடைத்திருந்தால் மறதியோடு ஒரு பக்கப் பார்வையும் போகலாமாம்.

இதற்கிடையில் வந்த சொந்தக்காரர்கள், "நான் யாரு சொல்லு பாப்போம்" என்று வரிசையாகக் கேட்டார்கள். தயவு செய்து இதைச் செய்யாதீர்கள். தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அம்மாவுக்குப் புரிகிறது, ஏன் என்று புரியவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பயம்தான் கூடியது.

சாயங்காலம் பதில்கள் தங்க ஆரம்பித்தன. டிரான்சியன்ட் குளோபல் அம்னீசியா, அதாவது கொஞ்ச நேரத்துக்கு வந்து போகும் மறதி என்றார் நரம்பியல் டாக்டர். பெரும்பாலும் 50 முதல் 70 வயதுக்குள் வரும். கடும் உடலுழைப்பு, குளிர்ந்த நீரில் இறங்குவது, பெரிய மனக்கலக்கம் இவற்றுக்குப் பிறகு வரலாம். அடிப்படைக் காரணம் இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. இது அந்த மறதிதானா என்று முடிவு செய்ய, 1990-இல் ஹாட்ஜஸ், வார்லோ என்ற இரு நரம்பியல் டாக்டர்கள் வகுத்த விதிகளைத்தான் இன்றும் பார்க்கிறார்கள். 24 மணி நேரத்துக்குள் தெளிய வேண்டும் என்பதும் அதில் ஒன்று.

எம்ஆர்ஐயை இரண்டு நாள் கழித்து எடுத்தார்கள். இந்த மறதியில், மூளையில் நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் தெரியும் சின்னப் புள்ளி முதல் சில மணி நேரத்தில் பெரும்பாலும் தெரியாது, ஒன்றிரண்டு நாள் போனால்தான் தெளிவாகும். அம்மாவுக்கு அந்தப் புள்ளி இருந்தது. மருந்து எதுவும் தரவில்லை. மறுபடி வந்தால், அதுவும் தூங்கி எழும்போது, ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக வந்து போனால், வலிப்பாக இருக்கலாம், ஈஈஜி (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) எடுக்க உடனே வரச் சொல்லி அனுப்பினார்கள்.