சாத்துக்குடித் தோல் கேன்: நான்காவது சுற்று

பாத்ரூமுக்கு வாங்கும் ஆசிட் பாட்டிலை நிறுத்த வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். அந்த நெடி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, காலி பாட்டில்களும் மாடிப்படிக்கு அடியில் சேர்ந்துகொண்டே போயின. பழத்தோலையும் வெல்லத்தையும் தண்ணீரில் புளிக்கவைத்து எடுக்கும் கழுவுநீரை பயோ என்சைம் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்களே, செய்துதான் பார்ப்போமே.

கணக்கு 1:3:10. வெல்லம் 100 கிராம், பழத்தோல் 300 கிராம், தண்ணீர் 1 லிட்டர், மூடி வைத்து 90 நாள். அவ்வளவு தோலுக்கு எங்கே போக? மதுரையில் வெயில் ஆரம்பித்துவிட்டால் தெருவுக்குத் தெரு ஜூஸ் கடைதான். போய்க் கேட்டேன். "அக்கா, மாடு வச்சிருக்கீங்களா?" என்றார் கடைக்காரர். இல்லை தம்பி, பாத்ரூம் கழுவத்தான் என்றதும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பை நிறையக் கொடுத்தார்.

முதல் கேனைக் கழுத்துவரை நிரப்பியது தப்பு. வெல்லத்தைத் தின்று ஈஸ்ட் கக்கும் வாயுவுக்கு இடம் வேண்டும் இல்லையா, ஐந்தாம் நாள் ராத்திரி மூடி பிய்த்துக்கொண்டு போய், சமையலறைச் சுவரெல்லாம் புளித்த கள் வாடை. இரண்டாவதிலிருந்து கால்வாசி காலியாக விட்டு, முதல் மாதம் தினமும் ஒரு தடவை மூடியைத் தளர்த்தி மூடுகிறேன். கண்ணாடி ஜாடி மட்டும் வேண்டவே வேண்டாம்.

90 நாள் கழித்து வடிகட்டினால் தேன் நிறத்தில், புளிப்பும் சாத்துக்குடியும் கலந்த வாசனை. ஆர்வக்கோளாறில் தண்ணீர்கூடக் கலக்காமல் அடுப்படி மேடையில் ஊற்றி, தேய்க்காமல் அரைமணி நேரம் விட்டேன். துடைத்தால் கறுப்புக் கடப்பாக்கல்லில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் திட்டு! "எலுமிச்சம்பழத்தை நறுக்கி வச்சாலே கல்லு வெளுத்துரும், இது தெரியாதா உனக்கு?" என்றார் அத்தை. தெரியவில்லையே. கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் வகை, புளிப்பு பட்டால் அரித்துவிடும். அந்தத் திட்டின் மேல் இப்போது மிக்ஸி உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் விஷயம் பிடிபட்டது அங்கேதான். பெயர்தான் என்சைம், பெரும்பாலான வேலையைச் செய்வது அந்தப் புளிப்பு, அதாவது அசிட்டிக் அமிலம். கல்லைக் கெடுத்த அதே குணம் உப்புக்கறையைக் கரைக்க வேண்டுமே என்று, எங்கள் போர் தண்ணீரால் வெள்ளை பூத்துக் கிடந்த பக்கெட்டிலும் குழாயிலும் துணியில் நனைத்துச் சுற்றி ஒரு மணி நேரம் விட்டேன். தேங்காய் நாரால் இரண்டு தேய், வழவழவென்று ஆகிவிட்டது. டைல்ஸ் தரைக்கு ஒரு பக்கெட் தண்ணீரில் இரண்டு மூடி போதும். மொசைக், மார்பிள் பக்கம் கொண்டுபோகவே கூடாது. பிளீச்சிங் பவுடரோடும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

எண்ணெய்ப் பிசுக்குக்கு இது தனியாக உதவாது. அதற்கு நாட்டுமருந்துக் கடையில் பூந்திக்கொட்டை 100 கிராம் வாங்கி, விதை நீக்கி, ராத்திரி ஊறவைத்துக் காலையில் கொதிக்கவிட்டுப் பிசைந்து வடிகட்டினேன். நுரை நன்றாகவே வந்தது. தனியாக வைத்தால் சீக்கிரம் கெட்டுப்போகிறது, பாதிக்குப் பாதி இந்த என்சைம் தண்ணீரைச் சேர்த்தால் கூடுதல் நாள் தாங்குகிறது. டம்ளர், தட்டுக்குச் சரி. மீன் குழம்புச் சட்டிக்கும் வடை சட்டிக்கும் இன்னும் சோப்புக்கட்டிதான், பொய் சொல்ல மாட்டேன். பூந்திக்கொட்டைத் தண்ணீர் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது.

வடித்த சக்கையைச் செடித்தொட்டி மண்ணில் புதைத்துவிடுகிறேன். மூன்றாவது கேனில், தயிருக்கு உறை ஊற்றுவது போல, முந்தைய கேனில் வடித்த தண்ணீரில் ஒரு டம்ளர் விட்டேன், ஒன்றரை மாதத்திலேயே தயார். ஆசிட் வாங்கி ஏழு மாதம் ஆகிறது. நான்காவது கேனுக்கு இன்று 12ஆம் நாள். மூடியைத் தளர்த்தினால் இன்னும் புஸ்ஸென்கிறது. ஜூஸ் கடைத் தம்பி இப்போதெல்லாம் கேட்காமலே தோலைத் தனிப் பையில் கட்டி வைக்கிறார், அவர் கடை மேடையும் கடப்பாக்கல்தான் என்று நேற்றுதான் கவனித்தேன், போய் எச்சரிக்க வேண்டும்.