விறாந்தை இங்கிலீஷ்

"மிஸ், வெள்ளைக்காரர் கதைக்கிற மாதிரி எங்களுக்கும் வருமா?" என்னிடம் படிக்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் நாளே இதைக் கேட்டுவிடுவார்கள். வராது என்று சொல்லிவிடுவேன். வரத் தேவையும் இல்லை. திருகோணமலை உப்புவெளியில் ஒரு ஹொட்டேலின் வரவேற்பு மேசையில் பல வருடம் நின்றவள் நான். ஜெர்மன்காரர், பிரெஞ்சுக்காரர், ரஷ்யர், இஸ்ரேல் பெடியன்கள் என்று வந்தவர்களில் ஒருத்தருடைய இங்கிலீஷும் லண்டன் ரேடியோ இங்கிலீஷ் இல்லை. அவரவர் ஊர் நாக்கோடுதான் அறைச் சாவி கேட்டார்கள், ஏசி வேலை செய்யவில்லை என்று சண்டையும் பிடித்தார்கள். எல்லாம் விளங்கியது.

இப்போது உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தைதான் வகுப்பு. பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு வருவார்கள். நிலாவெளியில் போட் ஓட்டுகிற பெடியன்கள், ஓட்டோக்காரர் ஒருவர், வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்யும் ஒரு தாதி, லண்டனில் இருக்கும் கணவரிடம் போகக் காத்திருக்கும் ஒரு தங்கச்சி, கிண்ணியாவில் கடை வைத்திருக்கும் ஒரு நானா, அடுத்த ஒழுங்கையிலிருந்து ஒரு ஆச்சி. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வெளிநாட்டுக் கனவோடு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள்.

இவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. படிவம் நிரப்புவார்கள், மருந்துப் பெட்டியில் இருப்பதை வாசிப்பார்கள். நானா ஒருநாள் என் இலக்கணத்தையே திருத்தினார், சரியாகத்தான் திருத்தினார். ஆனால் அவர்கள் படித்த காலத்தில் சாதாரண தர ஆங்கிலம் என்றால் தாளும் பேனாவும்தான். பத்து வருடப் பள்ளிக்கூடத்தில் யாரும் அவர்களிடம் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பொறுமையாக நின்றதில்லை.

என் அம்மப்பா இதற்கு நேர் எதிர். டொக்யார்டில் வேலை செய்தவர். 1957இல் பிரிட்டிஷ் கடற்படை தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும்வரை அவர்களோடுதான் அவருடைய பகல் பொழுது. இங்கிலீஷ் எழுத்தில் தன் பெயரைத் தவிர வேறெதுவும் எழுதத் தெரியாது, கதைக்க ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. அதில் பாதி கெட்ட வார்த்தை என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. காதால் படித்தவர். என் வகுப்பில் இருப்பவர்கள் கண்ணால் படித்தவர்கள். அதனால் முதல் வேலையாகக் கொப்பியை மூடச் சொல்லிவிடுவேன்.

குறிப்பாக, இங்கிலீஷ் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்க விடமாட்டேன். 'பேக்' என்று எழுதியிருக்கும். அது பையா, முதுகா, கேக் சுடுவதா? எழுதியவருக்கே மறுநாள் தெரியாது. தமிழில் ஒரே 'ப'தான். சொல்லின் தொடக்கத்தில் ஒரு மாதிரி ஒலிக்கும், மெல்லினத்துக்குப் பின்னால் வேறு மாதிரி. எழுத்து எங்கே நிற்கிறது என்று பார்த்து நாக்கு தானாக மாற்றிக்கொள்ளும், நாங்கள் கவனிப்பதே இல்லை. இங்கிலீஷில் அவை இரண்டும் வேறு வேறு எழுத்து. எங்கள் வகுப்பில் அவற்றுக்குப் 'பென்சில் பி', 'பஸ் பி' என்று பெயர்.

பஸ் பி வரவில்லை என்று யாராவது சொன்னால் கம்பு என்று சொல்லச் சொல்வேன். தொண்டையில் இரண்டு விரல் வைத்துக்கொண்டு, மெதுவாக. 'பு' வரும்போது உள்ளே அதிரும். அந்த அதிர்வை விடாமல் 'கம்'மை மட்டும் விழுங்கிவிட்டு மிச்சத்தைச் சொன்னால் அதுதான் பஸ் பி. தங்கத்திலும் வண்டியிலும் இதே விளையாட்டுத்தான். இல்லாத ஒலியைப் புதிதாகச் செய்யச் சொல்லவில்லை, பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பதை இடம் மாற்றச் சொல்கிறேன். இதைக் கேட்டதும் பெரியவர்களுக்கு ஒரு தைரியம் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

பென்சில் பிதான் உண்மையில் கஷ்டம், ஏனென்றால் அது தங்களுக்கு ஏற்கெனவே வருகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் ஓட்டோ அண்ணை கோட்டை வாசலில் ஒரு வெள்ளைக்காரச் சோடியை இறக்கிவிட்டு, நீங்கள் கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு வாருங்கள், நான் இங்கே பார்க் பண்ணிக்கொண்டு நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் ஆளை ஆள் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. அன்றைக்கு வகுப்புக்கு வந்ததும் முதல் முறைப்பாடு அதுதான். இங்கிலீஷ்காரருடைய வாயில் பென்சில் பி சொல்லின் தொடக்கத்தில் வந்தால் கூடவே ஒரு ஊதல் காற்றும் வரும். எங்கள் 'ப'வில் அது கிடையாது. காற்று வராவிட்டால் அவர்கள் காதில் அது பஸ் பியாக விழும். அதாவது, நான் இங்கே நின்று குரைக்கிறேன் என்று அண்ணை சொன்னதாக அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. பத்திரிகையில் ஒரு கீலம் கிழித்து உதட்டுக்கு முன்னால் பிடித்துக் காட்டினேன். கடதாசி ஆடினால் பார்க், ஆடாவிட்டால் நாய். அந்த ஒழுங்கைக்கே கேட்கிற மாதிரி அரை மணி நேரம் ஊதினார்.

இங்கிலீஷ் ரீ (T) எழுத்தில் மட்டும் எங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. காற்று, வெற்றி என்று நாங்கள் சொல்லும்போது நாக்கு நுனி பல்லுக்குச் சற்று மேலே தட்டுகிறதே, கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இங்கிலீஷ்காரருடைய ரீயும் தட்டுகிறது. டீவியை நாங்கள் ரீவீ என்று எழுதுவதைப் பார்த்துத் தமிழ்நாட்டுக்காரர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாக்கை மடித்து ட போடுவதை விட்டுவிட்டு வெற்றியில் வருகிற அந்தத் தட்டலைக் கொண்டுவாருங்கள் என்றால் எங்கள் ஆட்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

'தேங்க்யூ'வின் தொடக்கத்தில் நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்டப் பழக்குகிற ரியூஷன்கள் இருக்கின்றன. நான் அதற்கு ஒரு நிமிடம்கூடச் செலவழிக்கமாட்டேன். எங்கள் 'த' போதும். அயர்லாந்தில் பலர் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறார்கள், அவர்களை யாரும் வகுப்புக்கு அனுப்புவதில்லை. நேரத்தைச் செலவழிக்க வேண்டியது அழுத்தத்தில். தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது, அதனால் எல்லாவற்றையும் ஒரே கனத்தில் சொல்லிக்கொண்டு போகிறோம். இங்கிலீஷில் அது காசுப் பிரச்சினையாகவே வந்துவிடும். பதினைந்தும் ஐம்பதும் அப்படித்தான். ஃபிஃப்டீன் என்றால் பின்பாதியில் கனம், நீட்டு, கடைசியில் 'ன்' தெளிவாக விழ வேண்டும். ஃபிஃப்டி என்றால் முன்பாதியில் அடித்துவிட்டுப் பின்பாதியைக் குறுக்க வேண்டும். போட் காரப் பெடியன்கள் ஆயிரங்களில் விலை பேசுகிறவர்கள். அந்த 'ன்'னை விழுங்கிவிட்டால் கடற்கரையிலேயே ஆள் திரும்பிப் போய்விடுவான். மேசையில் தட்டித் தட்டிச் சொல்ல வைப்பேன். பெடியன்கள் தட்டும் தட்டில் பிளேன்ரீ கோப்பை எல்லாம் ஆடும்.

ஒலி சரியாக இருந்தும் கதை கவிழ்கிற இடங்கள் உண்டு. புறாமலைக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவன் ஒருத்தன். 2003இல் தேசியப் பூங்காவாக்கிய தீவு அது. பவளப்பாறைக்குப் பக்கத்தில், செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் திரியும், மனிதரைக் கண்டால் அவைதான் ஓடும். ஒரு பெண் தண்ணீரில் இறங்கப் போகும்போது கேட்டிருக்கிறாள், இவை கடிக்காதுதானே என்று. இவன் நல்ல தெளிவான உச்சரிப்பில் "யெஸ்" என்றிருக்கிறான். அவ இறங்கவே இல்லை. மூச்சுக்குழாயையும் கழற்றி வைத்துவிட்டுக் கரையில் இருந்துவிட்டா. அவனுக்கு என்ன பிழை என்றே தெரியவில்லை. 'கடிக்காதுதானே' என்று யாராவது தமிழில் கேட்டால் 'ஓம்' என்போம், நீ சொன்னது சரி, கடிக்காது என்ற அர்த்தத்தில். இங்கிலீஷில் கேள்வி எப்படி வந்தாலும் விஷயம் இல்லை என்றால் 'நோ'தான். இது பழக மாதக்கணக்கு எடுக்கும், எனக்கே களைத்துப்போன நேரத்தில் வழுக்கும். அதனால் அவனுக்கு ஒரு குறுக்கு வழி சொன்னேன்: யெஸ்ஸும் வேண்டாம் நோவும் வேண்டாம், "தே டோன்ட் பைட்" என்று முழுதாகச் சொல்லிவிடு.

மரியாதையும் இப்படித்தான் எங்கேயோ தொலைந்துபோகிறது. தமிழில் எவ்வளவு பணிவாகப் பேசுகிற பிள்ளையும் இங்கிலீஷுக்கு மாறியவுடன் "கிவ் பாஸ்போர்ட்" என்று பொலிஸ் மாதிரி நிற்கும். எங்களுக்கு மரியாதை வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தாங்கோ, இருங்கோ என்று. அங்கே அந்த வால் இல்லை. 'பாஸ்போட்டை ஒருக்காத் தாறீங்களா' என்று கேள்வியாகக் கேட்போமே, அந்த வடிவத்தை அப்படியே கொண்டுபோகச் சொல்வேன்.

தாதிப் பிள்ளைக்கு வேறு வியாதி. ஐஈஎல்டிஎஸ் என்கிற இங்கிலீஷ் பரீட்சையில் பேச்சு நேர்முகம் பதினொன்றிலிருந்து பதினான்கு நிமிடம். நடுவில் ஒரு தலைப்பு அட்டை தருவார்கள், ஒரு நிமிடம் யோசிக்கலாம், இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். உச்சரிப்பு என்பது அவர்கள் பார்க்கும் நான்கு விஷயங்களில் ஒன்றுதான், அதிலும் விளங்குகிறதா என்பதுதான் கணக்கு. இந்தப் பிள்ளை 'எனக்குப் பிடித்த இடம்' என்று கோணேசர் கோயிலைப் பற்றி யாரோ எழுதிக் கொடுத்ததைப் பாடமாக்கிக்கொண்டு வந்து, தேவாரம் ஒப்புவிக்கிற வேகத்தில் சொன்னது. ஒரு பிழை இல்லை. ஒரு உயிரும் இல்லை. நான் இடையில் கேட்டேன், அங்கே போகிற வழியில் மான்கள் நிற்குமே, அவை என்ன சாப்பிடும்? சிரித்துவிட்டது. பிறகு, வாழைப்பழத் தோல் சாப்பிடும், ஷொப்பிங் பை சாப்பிடும், போன முறை அக்காவின் அர்ச்சனைத் தட்டிலிருந்து பூவைச் சாப்பிட்டது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னது. வினைச்சொல்லின் காலம் எல்லாம் பிழை. ஆனால் கை ஆடியது, குரல் ஏறி இறங்கியது. கதை ஓடும்போது நான் குறுக்கே திருத்தமாட்டேன். குறித்து வைத்துக்கொண்டு பிளேன்ரீ குடிக்கிற நேரத்தில்தான் சொல்வேன். வாய் திறந்த நேரத்தில் மறிக்கிற ஆசிரியர்களால்தான் பாதிப் பேர் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

லண்டன் போகிற தங்கச்சிக்கு வேண்டியது ஏ1 என்கிற அடிப்படை மட்டம்தான், கேட்கவும் பேசவும் தெரிந்தால் போதும். 2010 கடைசியிலிருந்து கணவன் மனைவி விசாவுக்கு இதைக் கேட்கிறார்கள். தங்கச்சி எடுக்கப்போகிற பரீட்சையில் இரண்டு பேரை ஒன்றாக இருத்தி ஆளை ஆள் கேள்வி கேட்கச் சொல்வார்கள். பதில் சொன்னால் மட்டும் போதாது. அங்கேதான் எங்கள் சனம் தடுக்கி விழுகிறது. கேட்டதற்கு ஒரு சொல், அப்புறம் மௌனம். இந்த ஊரில் முப்பத்தைந்து நாற்பது தாண்டியவர்கள் யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் நின்று பழகியவர்கள். தெரியாத மொழியில் ஒருத்தன் கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில், கூட ஒரு சொல் வரக் கூடாது என்பது வீட்டில் சொல்லிக்கொடுத்த பாடம். அவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் அது தொற்றியிருக்கிறது என்பது என் எண்ணம். தமிழில் பார்த்தால் இவர்கள் கேள்விக்குக் குறைந்தவர்கள் இல்லை. எங்கே போறீங்கள், என்ன கறி, மகளுக்குச் சரிவந்திட்டுதா என்று வழியில் நிற்பாட்டிக் கேட்பார்கள். அதனால் வகுப்பில் ஒரு சட்டம்: பதில் சொன்னவர் ஒரு கேள்வி கேட்காமல் வாயை மூடக் கூடாது. ஓட்டோ அண்ணையைத் தங்கச்சியின் சோடியாக இருத்தினேன். அவர் ஒவ்வொரு முறையும் பெற்றோல் விலையைக் கேட்கிறார். பரவாயில்லை, அதுவும் கேள்விதான்.

காதைப் பழக்க நான் கொடுக்கிற வீட்டுவேலை கிரிக்கெட் வர்ணனை. என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், சொற்களும் திரும்பத் திரும்ப வரும், ஓடுகிற இங்கிலீஷில் சொற்கள் எப்படி ஒன்றோடொன்று ஒட்டுகின்றன என்று காது தானாகப் பிடிக்கும். நானா இதற்காகவே வகுப்பில் சேர்ந்தவர் மாதிரி இருக்கிறார்.

ஆச்சியின் விஷயம் தனி. விசாவும் இல்லை, வேலையும் இல்லை. டொரன்டோவில் பேரன், ஏழு வயது, தமிழில் 'அப்பம்மா' ஒன்றுதான் வரும். ஞாயிறு பின்னேரம் இங்கே விளக்கு வைக்கிற நேரம் அங்கே காலை, வீடியோவில் வருவான். முன்பெல்லாம் இரண்டு பேரும் கை காட்டிக்கொண்டு இருந்துவிட்டு வைத்துவிடுவார்களாம். ஆச்சிக்கு நான் உச்சரிப்பே சொல்லிக்கொடுக்கவில்லை. கேள்விகள் மட்டும். என்ன சாப்பிட்டாய், யாரோடு விளையாடினாய், பிறகு என்ன நடந்தது. இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே பத்து நிமிடம் ஓட்டும், ஏழு வயதுப் பிள்ளைக்கு அது போதும். அவன் சொல்வதில் பாதி விளங்காவிட்டாலும் "தென் வாட்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறா.

போன கிழமை புதுக் கோரிக்கையோடு வந்தா. பெடியன் சாப்பாட்டு நேரம் ரப்லெற்றை விடுகிறான் இல்லையாம், மருமகள் சொன்னாலும் கேட்கிறான் இல்லையாம். "பிள்ளை, இங்கிலீஷில ஏசுறதுக்கு என்ன சொல்லோணும்?" கெட்ட வார்த்தை வேண்டாம் ஆச்சி, அங்கே தாய்மார் கோபம் வந்தால் பிள்ளையின் முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார்கள், அதிலேயே அவனுக்கு விளங்கிவிடும் என்றேன். ஆச்சி கொஞ்சம் யோசித்தா.

"அவன்ர முழுப்பேர் தமிழ்தானே. அதுக்கு ஏன் நான் உமக்குக் காசு தாறன்?"